பீடி சுற்றும் கைகளுக்கும் ஒரு வீடு

வேலூரில் எங்கள் தெருவில் இரண்டு நாளாக இதே பேச்சுதான். ஏழைகளுக்கு வீடு கட்டும் பணத்தை யார் போடுவது?

கிராமத்தில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அது ஊரகப் பகுதிக்கு மட்டும். காட்பாடியும் சத்துவாச்சாரியும் வேலூர் மாநகராட்சியில் சேர்ந்து பல வருடம் ஆகிறது. நகரத்தில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம், அதோடு மாநில அரசின் பங்கு. மீதியைப் பயனாளிதான் போட வேண்டும். அதுவும் சொந்தமாகக் கட்டிக்கொள்ள மனைக்குப் பட்டா இருந்தால்தான்.

பக்கத்து வீட்டு அக்கா இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறார். இருப்பது புறம்போக்கில். பட்டா கேட்டு அலைந்து அலைந்து செருப்புதான் தேய்ந்தது. சரி, அதே திட்டத்தில் கட்டும் அடுக்குமாடியில் வாங்கலாம் என்றால் பயனாளி பங்குத்தொகைக்கு எங்கே போவார்? வட்டிக்குத்தான்.

மாநகராட்சி மாமன்றத்தின் 60 உறுப்பினர்களிடமும் கேட்கிறேன். சாலை, கால்வாய்க்கு நிதி கேட்டுப் பேசுகிறீர்கள், அதுவும் வேண்டும்தான். அந்தப் பங்குத்தொகையைக் குறைக்கச் சொல்லி அரசுக்கு ஒரு தீர்மானம் போடுங்கள். வீடுகளை ஊருக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய் வைக்காதீர்கள். பீடி இலை வாங்கவும் கட்டுகளைக் கொடுக்கவும் அக்கா தினமும் நடந்துதான் போகிறார்.