ஐந்து இலை போதாது: காட்டு ஜின்செங் பழகிய ஒரு பருவம்

அமெரிக்காவில் வட கரோலினாவின் மேற்கு மலைக்காடுகளில், மருந்து வேருக்காகத் தோண்டப்படும் காட்டு ஜின்செங் செடியை அடையாளம் காணப் பழகிக்கொண்டிருக்கிறேன். தோண்டி விற்பதற்காக இல்லை. பார்த்ததும் 'இதுதான்' என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவே. ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தேன். அக்டோபரில் இலை உதிர்ந்ததோடு இந்த வருஷத்துக்கு முடிந்தது. இதுவரை பிடிபட்டதை எழுதி வைக்கிறேன்.

ஐந்து இலை இருக்கும் என்ற ஒரே குறிப்போடு உள்ளே போனால் வேலைக்கு ஆகாது. அந்தக் காட்டுத் தரையில் எங்கே பார்த்தாலும் ஐந்தைந்தாகத்தான் விரிந்து கிடக்கிறது. எண்ணுவதை விட்டுவிட்டு, எந்தக் காம்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெளிவானது.

ஜின்செங்கின் கட்டமைப்பு ரொம்ப ஒழுங்கானது. மண்ணிலிருந்து ஒரே ஒரு பச்சைத் தண்டு நேராக மேலே வரும். நடுவில் கிளை கிடையாது. அதன் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு, மூன்று, சிலவற்றில் நான்கு இலைக்காம்புகள் சுற்றிலும் பிரியும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவதுபோல ஐந்து சிற்றிலைகள். முன்னால் உள்ள மூன்று பெரிசு, காம்பை ஒட்டிய இரண்டும் குட்டி. சிற்றிலை ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சின்னக் காம்பு உண்டு. பூத்தண்டு வந்தால், இலைக்காம்புகள் கூடும் அதே புள்ளியின் நடுவிலிருந்து நேராக எழும். இந்தக் கூடும் இடத்தை மட்டும் சரியாகப் பார்த்துவிட்டால் முக்கால்வாசிப் போலிகள் அங்கேயே கழிந்துவிடும்.

அதிகமாக ஏமாற்றுவது வர்ஜீனியா கிரீப்பர். சுவரிலும் மரத்திலும் ஏறும் கொடிதான், ஆனால் இளசாக இருக்கும்போது சருகுக்கு அடியில் ஓடி, அங்கங்கே ஒரு இலையை மட்டும் மேலே நீட்டும். அதிலும் ஐந்து சிற்றிலைகள். கீழ் இரண்டும் கொஞ்சம் சிறிசாகக்கூட இருக்கும். அதனால் அளவை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. விளிம்பைப் பாருங்கள். கிரீப்பர் இலையின் பற்கள் பெரிசாக, பெரும்பாலும் மேல் பாதியில் மட்டும் இருக்கும். அடிப்பாகம் வழவழவென்று போகும். ஜின்செங்கில் பற்கள் பொடிப்பொடியாகக் கிட்டத்தட்ட முழு விளிம்பிலும் ஓடும். அப்புறமும் சந்தேகம் இருந்தால் காம்பைப் பிடித்துக்கொண்டே கீழே போக வேண்டும். சருகை விலக்கினால் கிரீப்பரின் காம்பு பழுப்பு நிறக் கொடி ஒன்றில் போய்ச் சேரும். அந்தக் கொடி பக்கவாட்டில் ஓடி அடுத்த இலைக்குப் போகும். ஜின்செங் தண்டு அப்படி எங்கேயும் திரும்பாது, நேராக மண்ணுக்குள் இறங்கிவிடும்.

எனக்குப் பிடித்த போலி மஞ்சள் பக்கை மரத்தின் நாற்று. பக்கை நாற்றில் இரண்டு இலைகள் எதிரெதிராக நின்றால், இரண்டு இலைக்காம்பு உள்ள ஜின்செங் என்றே தோன்றும். இலையும் உள்ளங்கை வடிவம்தான், சிற்றிலையும் ஐந்துதான். வித்தியாசம் அந்த இரண்டு காம்புகளும் கூடும் இடத்தில். பக்கை நாற்றில் அங்கே ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும், தண்டும் குச்சிபோலக் கட்டையாக இருக்கும். ஜின்செங் தண்டு சதைப்பற்றோடு பச்சையாக இருக்கும். உச்சியில் பூத்தண்டு இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இருக்காது. லென்ஸை எடுக்காமலே தெரிகிற அடையாளம் இது. ஹிக்கரி நாற்றுகள் இவ்வளவு தொல்லை இல்லை. அவற்றின் சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து வராமல், நடு ஈர்க்கின் இருபுறமும் ஜோடி ஜோடியாக வரும்.

காட்டுச் சார்சபரில்லாவும் அப்படித்தான், சிற்றிலைகள் ஈர்க்கு வழியே அமைந்தவை. (நம் நன்னாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஜின்செங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது.) தூரத்திலிருந்து ஒரே மாதிரி தெரியும். கிட்டப் போய் உட்கார்ந்தால், இலையும் பூத்தண்டும் மண்ணிலிருந்து தனித்தனியாக வருவது தெரியும். பழமும் கருநீலம்.

ஆகஸ்டில் பழம் சிவக்கும்போது தேடுவது சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. அதே சமயத்தில் ஜாக்-இன்-த-புல்பிட்டும் சிவப்புப் பழத்தோடு நிற்கும், அதுவும் அதே ஈரச் சரிவில். அதன் பழங்கள் கதாயுதம் போன்ற ஒரு தண்டில் நெருக்கமாக ஒட்டிய கொத்து. இலை மூன்று பிரிவு, விளிம்பில் பல்லே இருக்காது. அது சேம்புக் குடும்பம். சேம்பு ஏன் வாயை அரிக்கிறதோ அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதிலும் உண்டு, பழத்தை வாயில் வைத்துவிடாதீர்கள். ஜின்செங் பழங்கள் இலை வட்டத்தின் நடுவில், மெல்லிய காம்புகளில் உதிரியாக நிற்கும். ஒன்றைப் பிதுக்கினால் பெரும்பாலும் இரண்டு தட்டையான, வெளிர் நிற விதைகள். விதை முளைக்கப் பொதுவாக ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் சட்டப்படி தோண்டுபவர்கள்கூடப் பழத்தை அங்கேயே ஊன்றிவிட வேண்டும் என்கிறார்கள்.

வயது பார்ப்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது, இலைக்காம்பு எண்ணிக்கையை நம்பலாமா என்று. நம்பக் கூடாது. மான் மேய்ந்த செடி மறு வருஷம் சின்னதாகத் திரும்பி வரும். சரியான கணக்கு கிழங்கின் கழுத்தில் இருக்கிறது: ஒவ்வொரு வருஷமும் தண்டு உதிர்ந்த இடத்தில் ஒரு தழும்பு. நண்பருடைய காட்டில், அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு செடியின் கழுத்து மண்ணை விரலால் மட்டும் விலக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலைவிட மெல்லிய கழுத்து, இடம் வலமாக மாறி மாறித் தழும்புகள். மண்ணைத் திரும்ப மூடி, சருகையும் போட்டுவிட்டு வந்தேன்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஜின்செங் 1975 முதல் சைட்டிஸ் (காட்டுச் செடி, விலங்குகளின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டு வேர் ஏற்றுமதியாக வேண்டுமானால் செடிக்கு ஐந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். தோண்டும் பருவம் செப்டம்பரில்தான் தொடங்கும். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் எந்த மாதத்திலும் தொடக் கூடாது. திருடு போனால் கண்டுபிடிக்க, பூங்காக்காரர்கள் வேரில் சாயம் வைத்துவிடுவதும் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் யாரும் தங்கள் செடி இருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லப் போவதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு சௌகரியம். கிரீப்பர் சிவப்பாக மாறும். ஜின்செங் வெளுத்த மஞ்சளாகும். மஞ்சள் செடிகள் வேறு பலவும் உண்டு என்பதால் நிறத்தை வைத்து எங்கே குனிவது என்று மட்டும் முடிவு செய்கிறேன். குனிந்த பிறகு பழைய விதிதான்: காம்பு கூடும் இடம்.

இனி பாக்கி இருப்பது குள்ள ஜின்செங். அதன் சிற்றிலைகளுக்குத் தனிக் காம்பு இல்லை என்பது தெரியும், நேரில் கண்டதில்லை. கோடை தொடங்குவதற்குள் மண்ணுக்குள் போய்விடும் செடி. அடுத்த வருஷம் ஏப்ரல் பாதியிலேயே கிளம்பினால்தான் முடியும். முதல் வருஷ நாற்றுகளும் பாக்கி. மூன்றே சிற்றிலைகளோடு, காட்டு ஸ்ட்ராபெரி போல இருக்குமாம். ஸ்ட்ராபெரியின் காம்பில் ரோமம் இருக்கும், பக்கத்தில் ஓடுதண்டும் இருக்கும். அதைக் கையில் தடவிப் பார்க்குமுன், தொட்டால் தோலை அரிக்கும் மூன்று இலை பாய்சன் ஐவி இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.