வாடிப்பட்டியில் தொடங்கிய வலி: பைக் இருக்கையைப் பிரித்துத் தைத்த கதை

மதுரையில் வீடு, திண்டுக்கல்லில் வேலை. வாரத்தில் மூன்று நாள் நான்குவழிச் சாலையில் போக 60 கிலோமீட்டருக்கு மேல், திரும்ப அதே தூரம். என் முதுகுக்கு அந்தச் சாலைதான் அளவுகோல். ஆவணி மாதம் வரை வாடிப்பட்டியைத் தாண்டும்போதே இடுப்பில் சுருக்கென்று பிடிக்கும். கொடைரோடு வருவதற்குள் வலி வலது தொடை வரை இறங்கிவிடும். ஸ்கேனில் முதுகெலும்பின் அடிப்பகுதியிலுள்ள எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பது தெரிந்தது. வண்டியையே விடச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்துடன் மருத்துவரிடம் போனேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். கால் மரத்துப்போனால் அன்றைக்கே வந்துவிடுங்கள்" என்றார்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஜெல் வைத்த மெத்தை உறை ஒன்று வாங்கி இருக்கைமேல் கட்டினேன். முதல் 10 கிலோமீட்டர் சுகமாக இருந்தது. பிறகு ஜெல் இரு பக்கமும் ஒதுங்கி, பழைய இடத்துக்கே இறங்கிவிட்டேன். வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியில் அதன்மேல் உட்காரவே முடியவில்லை. இரண்டு வாரத்தில் கழற்றி வைத்தேன்.

அதன் பிறகுதான் அளந்து பார்க்கத் தோன்றியது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் சமமான தரையில் நிறுத்தி இருக்கைமேல் வைத்தேன். நான் உட்காரும் இடம் டேங்கை நோக்கி நன்றாகச் சரிந்திருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இறக்கம். ஒவ்வொரு பிரேக்கிலும் இடுப்பு முன்னால் நழுவுகிறது, தோள் இருந்த இடத்திலேயே நிற்கிறது, நடுவில் முதுகு வில்லாக வளைகிறது. இத்தனை நாளும் இருக்கை கடினமாக இருப்பதுதான் குற்றம் என்று நினைத்திருந்தேன். குற்றம் சாய்வில் இருந்தது.

இன்னொரு அளவும் எடுத்தேன். அட்டைப்பெட்டியின் நெளிவு அட்டையைக் கல் திண்ணையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து லேசாக முன்னும் பின்னும் அசைந்து எழுந்தால், உட்காரும் எலும்புகள் இரண்டும் குழி பதித்திருக்கும். எனக்கு ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடு வரை 12 சென்டிமீட்டர். உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை அந்த இரண்டு இடங்கள்தான்.

இந்த அட்டையை எடுத்துக்கொண்டு சீட் தைக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் 30 ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவர். "மெத்தென்று போட்டுக் கொடுங்கள் அண்ணே" என்றதும் கையை ஆட்டி மறுத்தார். "மெத்தென்று இருந்தால் இந்தக் கடையில் உட்கார நன்றாக இருக்கும் தம்பி. பத்து மைல் போனால் அடித்தகட்டில் போய் இடிக்கும்." ரெக்சினைப் பிரித்ததும் அவர் சொன்னது கண்ணுக்குத் தெரிந்தது. நான் உட்காரும் இடத்தில் பழைய ஸ்பாஞ்சு செத்துக் கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது.

செத்த பகுதியை ஆக்சா பிளேடால் அறுத்தெடுத்தோம். அந்தப் பள்ளத்தில் ரீபாண்டட் ஃபோம் 2 சென்டிமீட்டர். தூளாக்கிய ஸ்பாஞ்சுத் துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்வது அது, எளிதில் அமுங்காது. அதற்கு மேல் சாதாரண ஃபோம் ஒரு சென்டிமீட்டர். பின்பாதியை எலும்புகளுக்கு இடம் கொடுத்து அகலமாக்கினோம். கால் தரையில் ஊன்ற வேண்டுமே, அதனால் டேங்க் பக்கத்தின் அகலத்தைத் தொடவில்லை. ஒட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்கி, மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க பாலிதீன் தாள் விரித்து, அதன்மேல் ரெக்சின். தையல் நடுவில் வரக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். ரெக்சினை விறைப்பாக இழுத்தும் அடிக்கவில்லை. முரசுத்தோல் போல இழுத்துவிட்டால் உள்ளே எந்த ஃபோம் இருந்தும் பயனில்லை.

முதல் முறை தவறிப்போனது. சாய்வை நிமிர்த்தும் ஆவலில் முன்பக்கத்தை அதிகம் உயர்த்திவிட்டோம். இடுப்பு பின்னால் தள்ளப்பட, கை நீண்டு, வேறொரு கூனல் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பிரித்துச் சீவினோம். இப்போது ரசமட்டத்தின் குமிழி ஏறக்குறைய நடுவில் நிற்கிறது.

வலி குறைந்தாலும் பாலங்களின் இணைப்பில் ஏறும்போது விழும் குத்து போகவில்லை. அதைப் பற்றித் தேடிப் படித்தேன். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகுத்தண்டு மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 6 தடவை ஆடுவதற்கே மிக அதிகமாக இசைந்து ஆடுமாம். அந்த வேகத்து ஆட்டத்தை ஃபோம் தடுக்காது. மென்மையான ஃபோம் கூட்டியும் விடும். அதைத் தணிக்க வேண்டியவை டயரும் ஷாக் அப்சார்பரும். போய்ப் பார்த்தால், எப்போதோ சிமென்ட் மூட்டை ஏற்றுவதற்காகப் பின் ஷாக்கை நான்காம் படியில் இறுக்கியவன் அப்படியே ஓட்டியிருக்கிறேன். இரண்டாம் படிக்குத் தளர்த்தினேன். பின் டயரில் 36 காற்று இருந்தது. தனியாகப் போக வண்டிப் புத்தகம் சொல்லும் 28க்கு இறக்கினேன். செலவே இல்லாத இந்த இரண்டு வேலைகளை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கைப்பிடியையும் சற்றே என் பக்கம் சுழற்றி வைத்தேன். இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, கேபிள் எதுவும் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

ஐப்பசி முதல் வாரக் கணக்கு இது: மூன்று நாளும் வாடிப்பட்டி தெரியாமலே கடந்தது. கொடைரோட்டில் வலி இல்லாதபோதும் மருத்துவர் சொன்னபடி இறங்கிப் பத்து நிமிடம் நடந்தேன். சிறுமலை அடிவாரம் நெருங்கும்போது இடுப்பில் லேசான கனம், அவ்வளவுதான். தொடைக்கு வலி இறங்கவில்லை.

நேற்று மனைவியை ஏற்றிக்கொண்டு அழகர்கோயில் போய் வந்தேன். அவளுக்காக டயரில் காற்றைக் கூட்டி, ஷாக்கையும் ஒரு படி ஏற்றினேன். இறங்கியதும் இடுப்பைப் பிடித்தபடி, "உங்கள் பக்கம் மட்டும்தான் சரி செய்தீர்களா?" என்று கேட்டாள். பின் இருக்கையை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளுக்கும் அட்டை விரித்தேன், 13.5 சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வரச் சொல்லியிருக்கிறார்.