அப்பா பெயரில் நின்றுபோன கோப்பு: மகளுக்கு இலங்கைக் குடியுரிமை எடுத்த அனுபவம்

போன வாரம் மகளின் இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. கையோடு இதை எழுதுகிறேன். புழல் காவாங்கரையில் இருக்கிற எங்கள் இலங்கை அகதி முகாமிலும் கும்மிடிப்பூண்டி முகாமிலும் பிள்ளைகளுக்காக இதே வேலைக்கு அலைகிற பலரை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் பயம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தை நினைத்துத்தான். அங்கே போவது கடைசிப் படி. அதற்கு முன்னால், இங்கே புழலைச் சுற்றியே கோப்பு முடங்கிவிடும். எனக்கு அப்படித்தான் முடங்கியது.

முதலில் ஏன் இதை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். முகாமில் பாதிப் பேர் "ஆதார் இருக்கே, பிறகென்ன" என்கிறார்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை. என் மகள் 2007இல் வடசென்னையில் பிறந்தவள். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் இந்தியச் சட்டத்துக்குப் பிறப்பு மட்டும் போதும். 2004 டிசம்பர் 3இல் இருந்து பிறந்த பிள்ளைக்கு அப்படி இல்லை. தாய் தகப்பன் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் என்ற கணக்கில் சேராதவராகவும் இருக்க வேண்டும். நானும் மனைவியும் 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது சின்னப் பிள்ளைகளாகப் படகில் வந்தவர்கள். ஆகவே மகள் இந்தியர் இல்லை.

சரி, அப்போ இலங்கையரா? அதுவும் தானாக வராது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பதிந்தால்தான் அந்தப் பிள்ளை இலங்கைப் பிரசை. ஒரு வருடத்துக்குள் பதியச் சொல்கிறது சட்டம். பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். பதியாதவரை இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க விண்ணப்பம் நிரப்பியபோது, குடியுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். 'இலங்கை' என்று எழுதச் சொன்னேன். ஆதாரம் கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் இந்த அலைச்சல்.

2003இல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை தகப்பன் வழியாக மட்டும் பதிய முடிந்தது. இப்போது தாய் வழியாகவும் முடியும். மனைவி வழியாகப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அவள் பிறந்த பகுதியின் பதிவுப் புத்தகங்கள் சண்டையில் அழிந்துவிட்டன. 'பதிவு இல்லை' என்று ஒரு கடிதம்தான் வந்தது. அதனால் என் வழி ஒன்றே மிச்சம்.

என் வழியில் இருந்த சிக்கல் என் பெயர். மன்னாரில் என் பிறப்புப் பதிவில் இருப்பது ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயரோடு சேர்ந்து நீளமாக. மண்டபம் அகதி முகாமில் இறங்கிய அன்று வரிசையில் நின்ற பிள்ளைகளை வீட்டில் கூப்பிடுகிற பெயரிலேயே எழுதிக்கொண்டார்கள். அந்த மூன்றெழுத்துப் பெயர்தான் முகாம் அட்டையில் ஏறியது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்து அதையே தகப்பன் பெயராகப் போட்டார்கள். ஆக, மன்னார்ப் பதிவில் ஒருவர், மகளின் பிறப்புச் சான்றிதழில் வேறொருவர். இந்த இரண்டையும் கொண்டுபோனால் எந்த நாட்டு அதிகாரியும் ஏற்கமாட்டார்.

ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் முகாம்களுக்கு வந்து எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காகிதத்தைப் பார்த்த பெண், "அண்ணா, முதல்ல அப்பா பேரைச் சரி பண்ணிட்டு வாங்கோ, மற்றதெல்லாம் பிறகு" என்றார். மிகச் சரியான ஆலோசனை. அதைச் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறப்புப் பதிவைத் திருத்தும் அலுவலகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பா பேரையே மாத்தச் சொல்றீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து நான்தான் அப்பான்னு சொன்னா நான் என்ன பண்றது? கோர்ட் ஆர்டர் கொண்டாங்க." மகள் என் பக்கத்தில் நிற்கிறாள். பதினேழு வருடம் வளர்த்த பிள்ளைக்கு முன்னால் நான் தகப்பனா இல்லையா என்று கேள்வி வருகிறது. பெயிண்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போன ஆள் நான். கூலி போனது பெரிதில்லை, அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "கேம்ப்ல இருக்கறவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்றபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் ஒருவர் பின்னாலேயே வந்தார். பதினைந்தாயிரம் கொடுத்தால் புதிதாக ஒரு பிறப்புப் பதிவே போட்டுத் தருகிறாராம், சரியான பெயரோடு. தயவுசெய்து இதற்குத் தலையாட்டாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறப்புப் பதிவு இருப்பது தெரியவந்தால் பிள்ளையின் எல்லாக் காகிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பணமும் போகும், வழக்கும் வரும். ஏற்கெனவே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்கு அது தேவையா?

இதற்கிடையில் மன்னாரில் சின்னம்மா என் பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதிக்கு அலைந்துகொண்டிருந்தார். பழைய பிரதி என்னிடம் இருந்தது. மழையில் நனைந்துவிடக் கூடாது என்று அம்மா அந்தக் காலத்திலேயே லேமினேஷன் செய்து வைத்திருந்தார். வருடம் போகப் போக பிளாஸ்டிக்குக்குள்ளேயே மை பரவிவிட்டது. பதிவு இலக்கத்தின் கடைசி எண் 5ஆ 6ஆ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியவில்லை. 5 என்று வைத்துச் சின்னம்மா பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தார். வந்தது யாரோ ஒரு பெண் குழந்தையின் சான்றிதழ்! மறுபடி போய், இலக்கம் இல்லாமல் பெயரும் பிறந்த தேதியும் தாய் தகப்பன் பெயரும் கொடுத்துப் புத்தகத்தைத் தேடிப் பார்க்கச் சொன்னார். அப்படியும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தேடியதும் கிடைத்துவிட்டது. பழைய சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், ஒட்டிவிடாதீர்கள். இலக்கத்தைத் தனியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்தப் பிரதியை அன்று இரவு முழுக்க வாசித்தேன். தகப்பனின் இனம் என்ற இடத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று இருந்தது. பேரனார், அதாவது தாத்தா, இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் என்று ஒரு கட்டம். தகப்பன் அங்கே பிறக்காதவரானால் பூட்டனார், அதாவது கொள்ளுத்தாத்தா, அங்கே பிறந்தாரா என்று இன்னொரு கட்டம். சாதாரணக் கேள்வி என்று கடந்துவிட முடியாது. 1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், தகப்பன் அல்லது பேரனார், பூட்டனார் அந்த மண்ணில் பிறந்ததைக் காட்டச் சொல்லித்தான் இந்தியாவில் இருந்து போய்த் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் முகாமிலேயே மலையகக் குடும்பங்கள் உண்டு. இலங்கை 2003இல் அவர்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அகதியாக இந்தியா வந்துவிட்டவர்களையும் அதில் சேர்க்க 2009இல் திருத்தமும் செய்தது. அவர்கள் வழி வேறு, காகிதங்களும் வேறு. எங்கள் கோப்பைப் பார்த்து அவர்கள் கோப்பு போடக் கூடாது.

திருப்பம் வந்தது மாதவரத்தில் ஒரு வக்கீல் அக்காவால். காசு வாங்கவில்லை. சொன்னதைக் கேட்டுவிட்டு, "கோர்ட் எதுக்கு? பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15. தவறான பதிவைப் பதிவாளரே திருத்தலாம். விஷயம் தெரிந்த, நம்பகமான ரெண்டு பேர் எழுதித் தரணும், அவ்வளவுதான்" என்றார். பழைய பதிவை அழிக்கமாட்டார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திடுவார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். மனுவில் அந்தப் பிரிவையும் பிறப்பு இறப்புப் பதிவு விதிகளில் விதி 11ஐயும் தலைப்பிலேயே குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தார்.

அதோடு வைத்த காகிதங்கள்: மன்னாரில் இருந்து வந்த பிறப்புச் சான்றிதழ், சர்ச் கல்யாணப் புத்தகத்தின் பிரதி, முகாம் அட்டை, 'இரண்டு பெயரும் ஒரே ஆள்' என்று தாசில்தார் அலுவலகக் கடிதம். இதில் கைகொடுத்தது கல்யாணப் புத்தகம். அதில் ஞானஸ்நானப் பெயரும் இருந்தது, மனைவியின் பெயரும் முகாம் முகவரியும் இருந்தன. ஃபாதர் ஒரே நாளில் பிரதி கொடுத்துவிட்டார்.

சாட்சிக்கு மகளின் ஆசிரியை ஒருவர். இன்னொருவர் முகாமில் எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிற ஆச்சி. மனைவிக்கு வலி வந்த இரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். ஆசிரியை கையெழுத்தை ஏற்றுக்கொண்ட அதே கவுன்ட்டர்க்காரர், முகாம் ஆள் சாட்சி செல்லாது என்று ஆச்சியைத் தள்ளினார். சட்டத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன், இந்த முறை சத்தமாகவே. சத்தம் கேட்டு உள்ளே இருந்த அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். மனுவின் தலைப்பைப் படித்தார். ஆச்சியைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்றார்.

"இந்தப் பிள்ளை பிறந்த ராவு வாசல்ல நிண்டது நான். தேப்பன் இவன்தான். வேறை ஆரைக் கேக்கப் போறியள், தம்பி?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஆச்சிக்கு நாற்காலி போடச் சொன்னார். அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார். திருத்திய சான்றிதழ் வந்தபோது தகப்பன் பெயர் இருக்கிற இடத்தில் என் முழுப்பெயர். சட்டம் கேட்பது விஷயம் தெரிந்த ஆளை. ஆச்சியை விட விஷயம் தெரிந்த ஆள் சென்னையில் யாரும் இல்லை.

நுங்கம்பாக்கத்தில் அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. படிவம், அசல்கள், நகல்கள், புகைப்படம், சரிபார்த்து வாங்கிக்கொண்டார்கள். கோப்பு பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய் வர மாதக்கணக்கில் ஆகும். அடிக்கடி போய்க் கேட்பதால் வேகம் கூடாது.

சில எச்சரிக்கைகள். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) முகாமில் ஆள் கணக்குப் பார்க்க, ரோல்கால் எடுக்க, வருகிற நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு மற்ற நாட்களில் வெளியே போங்கள். இல்லாவிட்டால் அந்த மாத உதவித்தொகைக்கு இன்னொரு அலைச்சல். சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர் ஏறாமல் இருந்தால் ஒரு வருடம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. அதைத் தாண்டவிடாதீர்கள். தகப்பன் பெயரும் தாய் பெயரும் இலங்கைப் பதிவில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக ஆங்கிலத்தில்.

முகாமில் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இலங்கைக் குடியுரிமை எடுத்துவிட்டால், நாளைக்கு இந்தியக் குடியுரிமை கொடுக்கும்போது நம் பிள்ளைக்கு இல்லாமல் போய்விடாதா? இந்தப் பயத்திலேயே பலர் பதியாமல் விட்டிருக்கிறார்கள். பயம் எனக்குப் புரிகிறது. மகளுக்குத் தெரிந்த ஊர் காவாங்கரைதான், மன்னாரை அவள் பார்த்ததே இல்லை. 2019இல் வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த இந்திய அரசின் உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைகளில் இருந்து விலக்கியது. பெரிய நிம்மதிதான், ஆனால் அது குடியுரிமை இல்லை. இந்தியா எங்களை ஏற்க வேண்டும் என்று நானும் கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் பதியாமல் விட்ட பிள்ளை அதனால் இந்தியாவுக்கு ஒரு அடி கூட நெருங்கிவிடவில்லை. எந்த நாட்டுப் பெயரும் இல்லாமல் பதினெட்டு வயதில் நிற்கிறது, அவ்வளவுதான்.

மகள் நர்சிங் விண்ணப்பத்தை இந்த வருடம் மறுபடி போட்டிருக்கிறாள், சான்றிதழ் நகலை இணைத்து. அடுத்தது மகனின் பிறப்புச் சான்றிதழ். அதிலும் அதே மூன்றெழுத்துப் பெயர்தான். மனு தயாராக இருக்கிறது, பிரிவு 15 தலைப்பில். சாட்சிக்கு ஆச்சி எப்போது வர வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.