பேர் தெரியாத கவிஞர்

'இலக்கியக் கோட்பாடு' என்றாலே முதலாமாண்டு வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். சரி என்று இன்று பலகையில் குறுந்தொகை 40ஆம் பாடலை எழுதினேன். குறிஞ்சித் திணை, தலைவன் கூற்று, ஐந்தே அடி. அதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

"யார் எழுதினது?"

"செம்புலப்பெயனீரார்!" என்று கோரஸ்.

அது அவருடைய பெயரே இல்லை, செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமையை வைத்துப் பின்னால் வந்தவர்கள் சூட்டியது என்றதும் ஒரே அமைதி. அந்த இடைவெளியில்தான் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலாண் பார்த் 1967இல் எழுதிய 'ஆசிரியனின் மரணம்' கட்டுரையை (படைப்பின் பொருளை எழுதியவரை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம் என்பது அதன் வாதம்) மெல்ல நுழைத்தேன். (நுழைந்ததா தெரியவில்லை.)

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "பேரே தெரியாதுன்னா, எழுதினது ஒரு பொண்ணாவும் இருக்கலாமே சார்?"

பெண்ணியத் திறனாய்வு அடுத்த செமஸ்டரில்தான் வருகிறது. நாளைக்கே எடுத்துவிட வேண்டியதுதான்.