பச்சரிசி மென்ற மாதங்கள்

போன ஆடியில் தொடங்கியது. இட்லிக்கு அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டு மெல்லுவேன். ஒரு பிடி இரண்டு பிடியாகி, ஐப்பசி வாக்கில் பள்ளிக்கூடப் பைக்குள் சின்ன டப்பாவில் பச்சரிசி எடுத்துப் போகும் அளவுக்கு வந்துவிட்டது. ஈர அரிசியின் மாவு வாசனை வந்தாலே வாய் ஊறும். "அரிசி தின்னா கல்யாணத்தில் மழை கொட்டும்" என்று சின்ன வயதில் அம்மா திட்டுவார். எனக்குக் கல்யாணமாகி 16 வருடம் ஆகிறது. அதனால் இது ஏதோ பழைய பழக்கம் திரும்பியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மாடி வகுப்புக்கு ஏறினால் மூச்சு வாங்கும். கரும்பலகையில் கொஞ்சம் எழுதினால் நெஞ்சு படபடக்கும். முதலில் பார்த்த டாக்டர் ஈசிஜி எடுத்தார். நார்மல். வேலைப்பளு, ஓய்வெடுங்கள் என்று சத்து மாத்திரை எழுதினார். ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு மாதம் அப்படியே போனது.

அடுத்து பார்த்த டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்ததாம். விரல்களை விரித்துக் காட்டச் சொன்னார். கட்டைவிரல் நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும் போல இருந்தது. தினமும் பார்க்கிற நகம், நான் கவனிக்கவே இல்லை. பிறகு கேட்டார்: "அரிசி, ஐஸ், மண், சாம்பல், இப்படி ஏதாவது சாப்பிடத் தோணுதா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை என் வீட்டுக்காரரிடம்கூட சொன்னதில்லை.

ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். சிவப்பணுக்களும் அளவில் சிறுத்திருந்தன. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கும் அணு சிறுத்திருக்கும் என்பதால் ஃபெர்ரிட்டின் பார்க்கச் சொன்னார். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். எனக்கு 4தான் இருந்தது, ரொம்பக் குறைவு. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை; அரிசி ஆசையும் அதனால்தானாம். ரத்தம் குறைவு என்று தெரிந்ததுமே கடையில் டானிக் வாங்கிக் குடிப்பவர்கள் இந்த ஒரு பரிசோதனையை மட்டும் விடாதீர்கள்.

அதைவிட முக்கியம், இரும்பு எங்கே போகிறது என்ற கேள்வி. மாதவிலக்கு எப்படி என்றார். நார்மல் என்றேன். எத்தனை நாள், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுகிறீர்கள், கட்டி கட்டியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 8 நாள், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆமாம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான், அதனால் அதை நார்மல் என்றே நினைத்து வளர்ந்திருக்கிறேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. அந்த நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்கத் தனி மாத்திரை கொடுத்தார். அது போதாவிட்டால் கட்டியை எடுக்கலாம் என்றார்.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னார். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கிட்டவே வரக்கூடாது. காலைக் காபியை 2 மணி நேரம் தள்ளிப்போட்டதுதான் இதில் பெரிய பாடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்.

பத்து நாளில் அரிசி ஆசை நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் ஏறத்தான் நாளானது. ஒரு மாதத்தில் 9.4, நான்காவது மாதம் 12.1. அதோடு நிறுத்தக்கூடாதாம். சேமிப்பு நிரம்ப இன்னும் 3 மாதம் போட வேண்டும், போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தேன். என்னுடையதைப் போலவே வெளுப்பு. பரிசோதித்ததில் 8.9. அம்மாவுக்கு 66 வயது, மாதவிலக்கு நின்று பல வருடம் ஆகிறது. இந்த வயதில் வயிறு, குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். திங்கட்கிழமை எண்டோஸ்கோப்பிக்குக் கூட்டிப் போகிறேன்.