செந்தோசாவில் ஹாலோவீன் இரவு: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

காசு கொடுத்துப் பயப்படுவதென்றால் திருகோணமலையில் நமக்குத் தெரிந்தது கார்னிவலுக்கு வரும் மரணக்கிணறும் ராட்டினமும், மிஞ்சினால் ஓலையில் கட்டிய பேய் வீடும்தான். மேற்கு நாடுகளில் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாளான ஒக்டோபர் 31 இங்கே சத்தமில்லாமல் போகும். நவம்பர் 2 அன்று மயானத்தில் மெழுகுதிரி ஏற்றும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மட்டும் அந்தக் கிழமைக்கு ஒரு அர்த்தம் உண்டு. இந்த ஹாலோவீன் ஆசையோடு அடுத்த வருடம் சிங்கப்பூர் போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இந்தப் பதிவு.

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற பொழுதுபோக்குப் பூங்கா, பேய் வீடுகள் போட்டு நடத்தும் 'ஹாலோவீன் ஹொரர் நைட்ஸ்' என்ற இரவு நிகழ்ச்சியை 2011 இல் தொடங்கியது. இது பிறந்தது ஃபுளோரிடாவில் இருக்கும் யுனிவர்சல் பார்க்கில். அங்கே 1991 இல் மூன்று இரவுப் பரிசோதனையாக ஆரம்பித்தார்கள். அதற்கும் முன்பே, 1973 இல், கலிஃபோர்னியாவின் நொட்ஸ் பெரி ஃபார்ம் என்ற பார்க் இதே வேலையைச் செய்துவிட்டது. சிங்கப்பூரில் செப்டெம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, தெரிவு செய்த இரவுகளில் மட்டும் நடக்கும். பகல் டிக்கெட் இதற்குச் செல்லாது. மாலையில் பகல் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, இரவு டிக்கெட் உள்ளவர்களைத் தனியாக உள்ளே விடுவார்கள். பகல் டிக்கெட்டோடு போய் வாசலில் தகராறு பண்ணுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

கிழமை தெரிவு முக்கியம். வெள்ளியும் சனியும் நெரிசல். 31ஆம் திகதி நெருங்க நெருங்க இன்னும் மோசம். செப்டெம்பர் கடைசி அல்லது ஒக்டோபர் முதல் கிழமையில் ஒரு வியாழனோ ஞாயிறோ கிடைத்தால் அதை எடுங்கள். சனிக்கிழமைதான் முடியும் என்றால், விலை குத்தினாலும் கியூவைச் சுருக்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை யோசிக்க வேண்டும். பேய் வீடுகள் பெரும்பாலும் நாலைந்து இருக்கும். ஒரு வீட்டை நடந்து கடக்க நாலைந்து நிமிடந்தான், ஆனால் சனிக்கிழமைக் கியூ ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். அந்தக் கணக்கில் சாதாரண டிக்கெட்காரருக்கு இரண்டு, மூன்று வீட்டோடு இரவு முடிந்துவிடும்.

பயணத்தில் ஒரு பிழையைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். இரவு பஸ்ஸிலோ மெயில் கோச்சியிலோ கொழும்பு போய், கட்டுநாயக்காவில் நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம் பிடித்து, விடிய சிங்கப்பூரில் இறங்கி, அன்றிரவே பார்க்குக்குள் நுழைவது. தங்கும் செலவு ஒரு நாள் மிச்சம் என்று கணக்கு. உண்மையில் இரண்டு இரவு தூங்காத உடம்போடு ரோலர் கோஸ்டரில் ஏறுகிறீர்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் ஒத்துப்போகாதபோதுதான் தலைச்சுற்றும் சத்தியும் வரும். தூக்கமின்மை அதைக் கூட்டும். ஒரு இரவு தூங்கிவிட்டு மறுநாள் போங்கள். நேர வித்தியாசம் நமக்குச் சாதகம். சிங்கப்பூர் இரண்டரை மணித்தியாலம் முன்னே; அங்கே இரவு 1 மணி என்றால் திருகோணமலைக் கணக்கில் 10.30 தான். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய கால உல்லாசப் பயண விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும் போய் இறங்குவதற்கு முன்னுள்ள மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலித் தளம். பையில் வேப், சுவிங்கம் இரண்டும் இருக்கக் கூடாது. இலத்திரனியல் சிகரெட் வைத்திருப்பதே அங்கே குற்றம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பேய் வீடு என்று நாம் சொல்லும் மேஸ் (புதிர்ப்பாதை), ஒரே வழியில் வளைந்து வளைந்து போகும் பாதை. பெயருக்குத்தான் மேஸ், வழி தவற இடமே இல்லை. ஒரு அறையிலிருந்து அடுத்த அறையைப் பார்க்க முடியாதபடி சுவர்கள் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் நடிகர் மறைந்து நிற்க ஒரு பொந்து இருக்கும். சுவரில் தொங்கும் படம் சட்டென்று கீழே விழும்; பின்னாலிருந்து ஒரு தலை வரும்; அதே நொடியில் சத்தமும் மின்னல் விளக்கும். தலை வந்த வேகத்தில் மறைந்துவிடும், படம் பழையபடி மேலே ஏறும். அடுத்த ஆளுக்கு அது தயாராகச் சில நொடி பிடிக்கும்.

அந்தச் சில நொடியில்தான் உங்கள் காசு இருக்கிறது. கூட்டம் விடாமல் சங்கிலியாக நகர்ந்தால், உங்களுக்கு முன்னே போகிறவருக்குத் தலை வரும். நீங்கள் வரும்போது தலை உள்ளே போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது அறையிலேயே எங்கிருந்து என்ன வரும் என்று தெரிந்துவிடும். வெளியே வந்து "ஒண்டுமில்லை, சும்மா ஏமாத்து" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இப்படி முன்னே போகும் ஆளின் முதுகில் ஒட்டிக்கொண்டு போனவர்கள். உள்ளே போனதும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி, முன்னே போகும் கூட்டத்தை ஒரு திருப்பம் தள்ளிப் போக விடுங்கள். நிற்கக் கூடாது, நின்றால் பணியாளர் நகரச் சொல்வார். இரண்டு நீள எட்டுக்குப் பதில் மூன்று குட்டை எட்டு, அவ்வளவே.

யார் எங்கே நடப்பது? நாலு பேர் போனால் அதிகம் பயப்படுகிறவரை நடுவில் விடுவதுதான் எல்லோரும் செய்வது. அது ஓரளவு சரி. நடிகர்கள் கூட்டத்தின் முதல் ஆளையும் கடைசி ஆளையும் குறி வைப்பார்கள். ஆனால் நடுவில் நிற்பவர் கண்ணை மூடிக்கொண்டு கத்தினால் குறி அவருக்கு மாறும். பயத்தை முகத்தில் காட்டுகிறவரைப் பார்த்து வேலை செய்வதுதான் அவர்கள் தொழில். பயமில்லாதவர் முதல் ஆளாகப் போவதைவிட கடைசி ஆளாகப் போவது நல்லது என்பது என் கட்சி. முன்னிருப்பவர் அலறுவதைப் பார்த்தபடி, தன் முதுகுக்குப் பின்னே யாருமில்லை என்ற நினைப்போடு நடக்க வேண்டும். அதற்கு மேல் பயம் வேறு எங்கே கிடைக்கும்!

சில உறுத்தல்களை முன்பே தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம். இரண்டு பக்கமும் காற்றடைத்த துணிச்சுவர் அமுக்கும் ஒடுக்கப் பாதை வந்தால், கைகளை முன்னே நீட்டித் துணியைப் பிரித்துக்கொண்டு நடவுங்கள். உள்ளே வேகம் குறைந்தால்தான் மூச்சு முட்டுவது போல் இருக்கும். சுழலும் குழாய்க்குள் பாலம் வந்தால் பாலம் அசையாது, சுற்றும் சுவர்தான் உங்களை ஏமாற்றுகிறது. கைப்பிடியைப் பிடித்துக் காலைப் பாருங்கள். புகை இயந்திரத்தின் புகை தொண்டையைக் கரகரக்க வைக்கும். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைக் காற்சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும், லொக்கரில் அல்ல. மின்னல் விளக்கு வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. அவர்கள் வீடுகளுக்குள் போகவே வேண்டாம்.

நடிகர் உங்களைத் தொடமாட்டார். நீங்களும் தொடக் கூடாது. பயத்தில் கை ஓங்குகிற பழக்கம் உள்ள நண்பர் இருந்தால் அவர் கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்காதீர்கள், கையைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். அடித்தால் வெளியே போட்டுவிடுவார்கள். பேய் வேடம், முகமூடி போட்டுக்கொண்டு போகவும் கூடாது. யார் நடிகர், யார் பார்வையாளர் என்று பணியாளர்களுக்குத் தெரிய வேண்டும்.

இருட்டுக்குள் ஒரு மூலையில் பச்சை வெளியேறும் விளக்கு எரிந்து மனநிலையைக் கெடுக்கும். அதைப் பற்றிக் குறைப்படாதீர்கள். 1984 மே 11 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பார்க்கில் 'ஹோண்டட் காசில்' என்ற பேய் வீடு எரிந்து, உள்ளே இருந்த எட்டு இளம் பிள்ளைகள் இறந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த ஸ்பொஞ் தீப்பிடித்தது, தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை, புகைக்குள் வழி தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இப்படிப்பட்ட கட்டடங்களுக்கான தீயணைப்பு விதிகள் இறுகின. நம்மூர்க் கார்னிவலில் கறுப்புப் பொலித்தீனும் தென்னோலையும் கட்டி, ஒரே ஒரு வாசலோடு பேய் வீடு போடுகிறவர்கள் இதை வாசித்தால் நல்லது. இரண்டாவது வாசல் ஒன்றும், உள்ளே ஒரு டோர்ச்சோடு நிற்கும் ஆளும் பெரிய செலவில்லை.

கோஸ்டர்கள். சயின்ஸ் ஃபிக்ஷன் நகரம் என்ற பகுதியில் 'பட்டில்ஸ்டார் கலக்டிக்கா' இரட்டைக் கோஸ்டர் இருக்கிறது. உயரம் 42.5 மீட்டர். சுவாமி மலையின் உச்சியிலிருந்து கடலைப் பார்க்கும் உயரத்தில் பாதிக்கும் குறைவுதான், ஆனால் மலை உங்களைத் தலைகீழாகப் புரட்டுவதில்லை. சிவப்புப் பாதை 'ஹியூமன்', உட்கார்ந்து போவது, புரட்டல் இல்லை. நீலப் பாதை 'சைலொன்', இருக்கை தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும், தலைகீழாகச் சுற்றும். இரண்டுக்கும் குறைந்தது 125 செ.மீ. உயரம் வேண்டும். 2013 இல் மூடி, இருக்கைகளை மாற்றி 2015 இல் திறந்தார்கள். பக்கத்துப் பகுதியான பண்டைய எகிப்தில் 'ரிவெஞ் ஒஃப் த மம்மி' முழுக்கக் கட்டடத்துக்குள் ஓடும் இருட்டுக் கோஸ்டர், 122 செ.மீ. போதும். ஹாலோவீன் இரவில் எல்லாச் சவாரியும் திறந்திருக்காது. வாசலில் தரும் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

முதலில் வீடுகள், பிறகு கோஸ்டர். வாசல் திறந்த முதல் மணித்தியாலத்தில் கூட்டம் முதலில் கண்ணில் படும் வீட்டில் குவியும். நீங்கள் உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்கு நடவுங்கள். பார்க் ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக இருக்கிறது, எங்கிருந்தும் எங்கும் பத்து நிமிடத்துக்குள் போகலாம். எல்லோரும் வீடுகளுக்கு வரிசையில் நிற்பதால் கோஸ்டர்க் கியூ பெரும்பாலும் குறுகும். இன்னொரு காரணமும் உண்டு. நாள் முழுக்க ஓடிச் சூடேறிய சில்லும் கிறீஸும் இரவில் இலகுவாக உருளும். காலையில் ஓடியதைவிடச் சற்று வேகமாகவே ஓடும். பாதை இருட்டில் தெரியாததால் உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளவும் முடியாது.

எந்த வரிசையில் இருப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன் வரிசை பார்ப்பதற்கு, பின் வரிசை உணர்வதற்கு. முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது மெதுவாகத் தாண்டும், ஏனென்றால் பின்பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. பின்பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னே விழுந்துகொண்டிருக்கும் பாரம் அதைச் சுண்டி இழுக்கும். வயிறு மேலே வருவது அங்கேதான். கழுத்துவலி உள்ளவர் நடுப்பகுதியில் இருந்து, தலையை இருக்கையோடு ஒட்டி வையுங்கள்.

ஏறுவதற்கு முன் காற்சட்டைப் பை முழுக்கக் காலியாக வேண்டும். போன், சில்லறை, மூக்குக்கண்ணாடி எல்லாம் லொக்கருக்குள். லொக்கர் ஆரம்ப நேரம் இலவசம், கூடினால் காசு. ஏறி இறங்கியதும் எடுத்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், கட்டிய சப்பாத்து போடுங்கள். சாப்பாட்டைப் பார்க்குக்குப் போகமுதல் ஆறு மணிக்குள் முடிப்பது நல்லது, அதுவும் பாதி வயிறு. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். சத்தி வராது என்று நினைப்பவர்களுக்குத் தலைச்சுற்று வரும். பயணச் சத்திக் குளிசை போடுகிறவர்கள் அது நித்திரை தரும் வகையா என்று பார்மசியில் கேட்டு வாங்குங்கள். பஸ்ஸில் நித்திரை வந்தால் புண்ணியம், இங்கே கொடுத்த காசு போச்சு.

வானிலை. ஒக்டோபரும் நவம்பரும் சிங்கப்பூரிலும் பருவக்காற்று மாறும் காலம். நமது ஐப்பசி இடிமுழக்கம் போலவே அங்கும் பின்னேரத்தில் இடி இறங்கும். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளியே உள்ள கோஸ்டர் உடனே நிற்கும்; மழை விட்டாலும் மின்னல் விடும்வரை ஓடாது. அப்போது மம்மிக்கோ வீட்டுக்கோ போங்கள், பட்டில்ஸ்டார் வாசலில் காத்திருக்க வேண்டாம். குடையைவிட மடித்துப் பையில் வைக்கும் மழைக்கோட்டு உதவும்.

16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது உகந்ததல்ல என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற அப்பாக்களுக்கு ஒன்று: வெளியே பாதையிலேயே நடிகர்கள் உலாவும் பகுதிகள் உண்டு, வீட்டுக்குள் போகாமல் விட்டாலும் பிள்ளை அவர்களைப் பார்க்காமல் தப்பாது. பகல் டிக்கெட்டில் அழைத்துப் போங்கள்.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ சித்தப்பா, மாமா வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. லண்டனுக்கு வெளியே ஸ்டெயின்ஸ் பக்கத்தில் தோர்ப் பார்க், 2002 முதல் 'ஃபிரைட் நைட்ஸ்' என்ற ஹாலோவீன் இரவுகளை நடத்துகிறது. 2024 இல் திறந்த 'ஹைப்பீரியா' 72 மீட்டர், பிரித்தானியாவின் மிக உயரமான கோஸ்டர். ரொறன்ரோவுக்கு வடக்கே வோனில் உள்ள கனடாஸ் வொண்டர்லான்டில் 'லெவயதன்' 93 மீட்டர், மணிக்கு 148 கி.மீ. இங்கே வருகிற எதிரி குளிர். ஒக்டோபர் இரவில் அந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்று திருகோணமலைக்காரரின் கண்ணை மூட வைத்துவிடும். கையுறையும் காதை மூடும் தொப்பியும் எடுங்கள், தொப்பியை ஏறமுதல் கழற்றுங்கள்.

திரும்புவது பற்றி. செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் உள்ளே போக 4 சிங்கப்பூர் டொலர், வெளியே வர இலவசம். நள்ளிரவோடு அது நிற்கும். தீவுக்கு எதிரே உள்ள ஹாபர்ஃபிரண்ட் நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் கடைசி ரயில் அதைவிட முன்பே போயிருக்கலாம். நிகழ்ச்சி முடியும்வரை நின்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் டாக்சி தேடுவார்கள், கட்டணம் ஏறும். அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள், அல்லது தீவையும் எதிர்க்கரையில் உள்ள விவோசிட்டி கடைத்தொகுதியையும் இணைக்கும் நடைபாலத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து வந்து, நகரப் பக்கத்தில் வாகனம் பிடியுங்கள்.