நினைவகத்தை முதலில் தொடுவது எந்த திரெட்?

புதுச்சேரியில் நான் பணிபுரியும் ஆய்வகத்தில் இரண்டு சாக்கெட் (பிராசசர் பொருத்தும் இடம்) கொண்ட சர்வர் ஒன்று உள்ளது. கடலூர்க் கரையோர அலைகளைக் கணக்கிடும் நிரலை அதில் ஓட்டும் மாணவர்கள், வேலையை ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்யும் திரெட்டுகளை இரட்டிப்பாக்கியும் வேகம் ஏன் கூடவில்லை என்று கேட்கிறார்கள். அவர்களுடைய கணக்கு சரிதான். தரவு எந்த ரேமில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2003-இல் ஏஎம்டியின் ஆப்டெரானும், 2008-இல் இன்டெலின் நெஹாலமும் ரேமோடு தரவைப் பரிமாறும் மெமரி கன்ட்ரோலரைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி ரேம் என்ற நூமா அமைப்பு சாதாரண சர்வர்களிலும் பரவிவிட்டது. பிராசசருக்குள் கணக்கிடும் அலகான எந்த கோரும் எந்த ரேமையும் படிக்கலாம்; ஆனால் அடுத்த சாக்கெட்டின் ரேமைப் படிக்க, கடலூர்ச் சரக்கு தென்பெண்ணைப் பாலம் கடந்து புதுச்சேரிக்கு வருவதுபோல, இடையிலுள்ள இணைப்பைத் தரவு கடந்தாக வேண்டும். ரேம்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று கேட்டால், நூமாசிடிஎல் (numactl) கட்டளை எங்கள் சர்வரில் 10, 21 என்று காட்டுகிறது. 10 சொந்த ரேம், 21 அடுத்த சாக்கெட்டின் ரேம். இவை நானோவினாடிகள் அல்ல, சர்வரிலேயே பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேர் தரும் ஒப்பீட்டு எண்கள்.

நினைவகம் கேட்கும் சி மொழிச் சார்பான மாலாக்கை (malloc) அழைத்தவுடன் ரேம் ஒதுக்கப்பட்டுவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். பெரிய அரேக்கு (மதிப்புகளின் வரிசை) லினக்ஸ் அப்போது தருவது வெறும் முகவரி வரம்புதான். அந்த வரம்பின் ஒரு பக்கத்தில் (பேஜ் எனும் சிறு துண்டு) முதன்முறையாக எழுதும்போதுதான், அதற்கு ரேம் இன்னும் இல்லை என்று அறிவிக்கும் பேஜ் ஃபால்ட் ஏற்பட்டு, எழுதிய திரெட் ஓடும் நோடில் (ஒரு சாக்கெட்டும் அதன் ரேமும்) இடமிருந்தால் அங்கிருந்தே, வழக்கமாக 4 கேபி அளவுள்ள பக்கம் ஒதுக்கப்படுகிறது. இதுவே ஃபர்ஸ்ட் டச். மெயின் திரெட் ஒன்றே அரே முழுவதையும் பூஜ்யமாக்கினால் பக்கங்கள் எல்லாம் ஒரே நோடில் குவிகின்றன. ஓடும் நிரல்களின் விவரம் தரும் பிராக் (/proc) கோப்பகத்திலுள்ள நூமா மேப்ஸ் கோப்பில் அந்த அரேயின் வரியில் ஒரே நோடு, உதாரணமாக என்0, மட்டுமே தெரியும்; என்1 இருக்காது. சி++ மொழியின் அரே வகையான வெக்டர் இதில் மிகவும் ஏமாற்றக்கூடியது, ஏனெனில் அளவு கொடுத்து உருவாக்கும் அந்த ஒரே வரியிலேயே எல்லாப் பக்கங்களையும் தொட்டுவிடுகிறது.

ஆகவே திரெட்டுகளை கோர்களோடு பிணைத்துவிட்டு, தொடக்க மதிப்பு எழுதும் லூப்பையும் கணக்கிடும் லூப்பைப் போலவே, ஒவ்வொரு திரெட்டுக்கும் அதே பகுதி கிடைக்கும் ஸ்டாட்டிக் பங்கீட்டில், லூப்பைத் திரெட்டுகளுக்குப் பகிரும் ஓப்பன்எம்பி கொண்டு பிரிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. லினக்ஸ் 3.8 முதல் அதன் மையப் பகுதியான கெர்னலே பக்கங்களை இடம்மாற்றும் வசதி உண்டு என்றாலும், சில நிமிடங்களில் முடியும் ஓட்டத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டியதில்லை. எல்லா திரெட்டுகளும் எல்லாப் பக்கங்களையும் தேடும் டேட்டாபேஸுக்கு மட்டும், பக்கங்களை நோடுகளுக்கு மாறிமாறிப் பகிரும் இன்டர்லீவ் பொருத்தமானது.